ஒரு பல்லும் அரைத் தாடையும்: டைனோசர் காலத்துப் பாலூட்டி உறவினர்களை அடையாளம் காண்பது எப்படி

டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் பாலூட்டிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவுள்ள பற்களிலிருந்து வந்தது. டைனோசர் எலும்புக்கூட்டைக் கூடத்தில் நிறுத்திவைப்பதுபோல் இவற்றை நிறுத்திவைக்க முடியாது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு தும்மல் தும்மினால் போயிற்று.

பல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது? உடலிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். அதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். சுண்டெலி அளவுள்ள ஒரு விலங்கு செத்தால், அதன் எலும்புகளை மற்ற விலங்குகள் கடித்து நொறுக்கும், மண்ணின் அமிலம் கரைக்கும், ஓடும் நீர் உருட்டித் தேய்க்கும். பல் அத்தனையையும் தாண்டி வரும். இன்னொரு வசதியும் உண்டு. பாலூட்டியின் கடைவாய்ப் பல்லில் இனத்துக்கு இனம் முகடுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறும். ஒற்றைப் பல்லை வைத்தே இது இன்ன குடும்பம் என்று சொல்ல முடிவது அதனால்தான். முதலையின் பல்லில் அந்த அளவுக்குச் செய்தி இல்லை.

பங்காளி உறவு

சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தில் முட்டையிடும் முதுகெலும்பிகள் இரண்டு கிளைகளாகப் பிரிந்தன. ஒரு கிளையில் பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், பறவை எல்லாம் வந்தன. மற்றக் கிளைக்குச் சினாப்சிட் என்று பெயர். கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு திறப்பு இருப்பது அதன் மண்டையோட்டு அடையாளம். அந்தக் கிளையில் இன்று உயிரோடிருப்பவை பாலூட்டிகள் மட்டுமே. "ஊர்வனவற்றிலிருந்து பாலூட்டிகள் தோன்றின" என்று பள்ளியில் படித்திருப்போம். இன்றைய பல்லியையோ முதலையையோ மனத்தில் வைத்து அதைப் படித்தால் தவறாகிவிடும். அவை நமக்குப் பாட்டன் பூட்டன் அல்ல, பங்காளிகள்.

முதுகில் பாய்மரம் போல விரிந்த டைமெட்ரோடான் பொம்மையை டைனோசர் பொம்மைகளோடு சேர்த்தே விற்கிறார்கள். அது டைனோசர் அல்ல, நம் கிளையைச் சேர்ந்த சினாப்சிட். முதல் டைனோசர் தோன்றுவதற்கு ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது அற்றுப்போய்விட்டது.

சினாப்சிட்களுக்குள் சைனோடான்ட் என்ற குழு பாலூட்டியை நோக்கி வரும் வரிசை. அந்த வரிசையில் ட்ரயாசிக் காலத்தின் கடைசியில், அதாவது சுமார் 20.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மார்கனுகோடான் போன்றவை வருகின்றன. இவற்றை மம்மலியாஃபார்ம் என்கிறார்கள். பாலூட்டி வடிவம் கொண்டவை என்று பொருள். இவை ஏன் நேரடியாகப் 'பாலூட்டி' ஆவதில்லை? இன்று உயிரோடிருக்கும் மூன்று குழுக்கள் (முட்டையிடும் பிளாட்டிபஸ் வகை, பையுள்ள கங்காரு வகை, நஞ்சுக்கொடியுள்ள நம் வகை), அவற்றின் கடைசிப் பொது மூதாதை, அந்த மூதாதையின் எல்லாச் சந்ததிகள், இவை மட்டுமே கறாரான பொருளில் பாலூட்டிகள். மார்கனுகோடான் அந்தப் பொது மூதாதைக்கு முன்பே கிளை பிரிந்துவிட்டது.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம், பாதி அப்படித்தான். ஆனால் "உலகின் மிகப் பழைய பாலூட்டி கண்டுபிடிப்பு" என்று ஆண்டுதோறும் ஒரு தலைப்புச் செய்தி வருகிறதே, அதில் பல நேரம் புதைபடிவத்தைவிடக் கோட்டை எங்கே போட்டார்கள் என்பதுதான் முடிவை மாற்றுகிறது.

தாடைக் கீல்: கதை முழுவதும் இங்கேதான்

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் முன்னும் பின்னும் நகரும். அது கீழ்த்தாடை எலும்பின் முனை. அந்த எலும்புக்கு டென்டரி என்று பெயர். பாலூட்டியில் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பாதியும் இந்த ஒரே எலும்புதான். அது மண்டையோட்டின் ஸ்குவாமோசல் என்ற எலும்போடு கீல் போடுகிறது.

பல்லியின் கீழ்த்தாடை அப்படியல்ல. பல்லைத் தாங்கும் டென்டரி முன்பகுதியில் மட்டும் இருக்கும். பின்பகுதியில் வேறு பல எலும்புகள். கடைசியில் உள்ள ஆர்ட்டிகுலர் என்ற எலும்பு, மண்டையோட்டின் குவாட்ரேட் என்ற எலும்போடு சேர்ந்து கீலாகிறது. பல்லியின் நடுச்செவியில் ஒரே ஒரு எலும்பு. நம்முடையதில் மூன்று: சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு.

கூடுதலான அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன? 1837-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரெய்ஷர்ட் கருக்களை ஆராய்ந்து விடை சொன்னார். பல்லியின் ஆர்ட்டிகுலர்தான் நம் சுத்தி எலும்பு; குவாட்ரேட்தான் பட்டடை எலும்பு. பழைய தாடைக் கீல் அப்படியே சிறுத்துக் காதுக்குள் போய்விட்டது. கங்காரு, ஒப்போசம் போன்றவற்றின் குட்டிகளில் இதை இன்றும் பார்க்கலாம். பிறந்தவுடன் அவற்றின் டென்டரிக் கீல் இன்னும் உருவாகியிருக்காது. சுத்தியும் பட்டடையுமாகப் போகும் எலும்புகள்தான் சில வாரங்களுக்குத் தாடைக்கு முட்டுக்கொடுக்கின்றன.

அப்போதே எழுந்த ஆட்சேபம் நியாயமானது. ஒரு கீலிலிருந்து இன்னொரு கீலுக்கு மாறும் இடைக்காலத்தில் அந்த விலங்கு எதை வைத்து மெல்லும்? மார்கனுகோடானின் பதில்: இரண்டையும் வைத்து. அதன் தாடையில் பழைய கீல் உட்புறமும் புதிய கீல் வெளிப்புறமுமாக ஒட்டி ஒட்டி இருந்தன. சுமையைப் புதியது தாங்கத் தாங்க, பழையதின் எலும்புகள் சிறுத்தன. சிறுத்த எலும்பு மெல்லிய, கீச்சென்ற ஒலிகளுக்கு நன்றாக அதிரும். 2007-இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட யானோகோனோடான் இன்னும் ஒரு படி காட்டுகிறது. அதன் காது எலும்புகள் வடிவத்தில் பாலூட்டியுடையவை. ஆனால் மெக்கெல் குருத்தெலும்பு (கருவில் கீழ்த்தாடைக்கு அச்சாக இருக்கும் குருத்தெலும்புத் தண்டு) எலும்பாக இறுகி, அவற்றைத் தாடையோடு இன்னும் கட்டிப்போட்டிருக்கிறது. காது தாடையிலிருந்து முழுதாகப் பிரிந்தது ஒரே முறை நடந்த நிகழ்ச்சி அல்ல. பல கிளைகளில் தனித்தனியாக நடந்தது.

இப்போது கையில் ஒரு கீழ்த்தாடைத் துண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சென்டிமீட்டர் நீளம், பின்முனை உடைந்தது. கீலின் குமிழ் இருந்தால் வேலை எளிது. ஆனால் முதலில் உடைவது அந்தப் பகுதிதான். எனவே தாடையைத் திருப்பி, நாக்குப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஓடுகிறதா? ஓடினால், அதில் பழைய தாடை எலும்புகள் படுத்திருந்தன; அவை உதிர்ந்து போனாலும் படுத்த இடம் மிஞ்சுகிறது. மார்கனுகோடானில் இந்த வாய்க்கால் அகலமாகத் தெரியும். வாய்க்கால் இல்லாமல் அந்த இடம் வழவழப்பாக இருந்தால், எலும்புகள் காதுக்குப் போய்விட்ட நிலையை நெருங்கிவிட்டோம் என்று கொள்ளலாம். மெல்லிய ஒற்றைக் கோடு மட்டும் இருந்தால் அது மெக்கெல் குருத்தெலும்பின் தடம். அதை வாய்க்காலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கே நடக்கும் வழக்கமான பிழை, வாய்க்காலை அடைத்திருக்கும் பாறையை எலும்பு என்று நினைத்து "வாய்க்கால் இல்லை" என்று எழுதிவிடுவது. அதற்கு நேர்மாறான பிழை, ஊசியால் சுரண்டும்போது மெல்லிய எலும்பு விளிம்பையும் சேர்த்துச் சுரண்டி இல்லாத வாய்க்காலை உண்டாக்குவது. இப்போது நுண் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே ஊசியைத் தொடுகிறார்கள்.

பல்லைப் படிப்பது

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஸ்டோன்ஸ்ஃபீல்டில், கூரை வேயும் பலகைக்கல் வெட்டிய இடத்தில் சிறு தாடைகள் சில கிடைத்தன. 1824-இல் புவியியலாளர் பக்லாண்ட் மெகலோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயரிட்ட அதே கட்டுரையில் இவற்றையும் குறிப்பிட்டார். முதன்முதலாக டைனோசருக்குப் பெயர் வைத்த நாளிலேயே அதன் காலத்துப் பாலூட்டியும் அவைக்கு வந்துவிட்டது. ஆனால் அவ்வளவு பழைய பாறையில் பாலூட்டி இருக்க முடியாது என்று பிரான்சின் விலங்கியலாளர் பிளான்வில் 1838-இல் மறுத்தார். அதை எதிர்த்து ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் காட்டிய சான்றுகளில் ஒன்று, கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு வேர்கள் இருப்பது.

இன்றும் முதலில் பார்ப்பது அதைத்தான். பல முகடுள்ள தலைப்பகுதி, அடியில் பிரிந்த வேர்கள், ஒவ்வொரு வேருக்கும் தனிக் குழி. பல்லிப் பல் தாடையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். மீன் பல் பெரும்பாலும் வெறுங்கூம்பு. ஆனால் இரண்டு வேர் என்றாலே பாலூட்டி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ட்ரைட்டிலோடான்ட் என்ற சைனோடான்ட் குழுவின் பற்களுக்கும் பல வேர்கள் உண்டு. அவை மம்மலியாஃபார்ம்கள் அல்ல.

அடுத்தது தேய்மானம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தி உரசினால், முகடுகளின் பக்கவாட்டில் பளபளப்பான தட்டைப் பரப்புகள் உண்டாகும். அவை எல்லாப் பற்களிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தால் அந்த விலங்கு நறுக்கி மென்றது என்று அர்த்தம். பல் அடிக்கடி விழுந்து முளைக்கும் விலங்கில் இப்படிப்பட்ட பொருத்தம் வராது. பல்லி ஆயுள் முழுவதும் பல் மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் பாற்பல், நிலைப்பல் என்று இரண்டே செட்டோடு முடித்துக்கொள்கிறோம். மார்கனுகோடானும் அப்படித்தான். குட்டிப் பருவத்தில் பல் தேவைப்படாமல் வேறேதோ உணவு கிடைத்திருந்தால்தான் இது சாத்தியம், அது பால். பால் புதைபடிவமாவதில்லை. பால் குடித்ததற்கான சான்று பல் மாற்றத்தில்தான் கிடக்கிறது.

வேரைச் சுற்றியுள்ள சிமென்டம் என்ற படலம் மரத்தின் ஆண்டு வளையம் போல ஆண்டுக்கொன்றாகப் படியும். சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் செறிந்த எக்ஸ்ரேயில் பல்லை வெட்டாமலே அந்த வளையங்களை எண்ணி 2020-இல் முடிவு வெளியிட்டார்கள்: மார்கனுகோடான் 14 ஆண்டு வரை, அதனோடு வாழ்ந்த கூனியோதீரியம் 9 ஆண்டு வரை உயிர்வாழ்ந்திருக்கிறது. இன்று அந்த அளவிலுள்ள எலியோ மூஞ்சூறோ ஓரிரு ஆண்டு தாண்டுவதே பெரிது. பல்லும் தாடையும் பாலூட்டித்தனமாக மாறிய பிறகும், உடல் இயங்கிய வேகம் ஊர்வனவற்றைப்போல் மந்தமாகவே இருந்திருக்கிறது.

மண்ணைக் கழுவுவது

இவ்வளவு சிறியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பாறை முகப்பில் கண்ணால் தேடிக் கிடைப்பது அதிர்ஷ்டம். நடைமுறையில், படிவை மூட்டை மூட்டையாக எடுத்து வந்து சலிப்பதுதான் வழி. வேல்ஸில் மார்கனுகோடான் கிடைத்ததும் இப்படிப்பட்ட படிவில்தான். பழைய சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளுக்குள் மழைநீர் அடித்துவந்த களிமண்ணும் எலும்பும் சேர்ந்த அடைப்பு அது.

களிமண் படிவை நேரே தண்ணீரில் போட்டால் சேறாகக் குழையுமே தவிர உதிராது. முதலில் அதைத் துளி ஈரமும் இல்லாமல் காயவைக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அடுத்த படி வேலை செய்யாது. பலரும் தவறுவது இங்கேதான். காய்ந்த கட்டிகளை மண்ணெண்ணெயில் சில மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், துளைகளுக்குள் புகுந்த எண்ணெயைத் தண்ணீர் நெட்டித் தள்ளும். கட்டி தானாக உடையும். இதைத் திறந்தவெளியில், நெருப்புக்குத் தொலைவில் செய்ய வேண்டும்.

பிறகு சல்லடை. மேலே 2 மில்லிமீட்டர், அடியில் 0.5 மில்லிமீட்டர் கண். அடிச் சல்லடை 1 மில்லிமீட்டர் போதாதா என்று தோன்றும். போதாது. சல்லடை பொருளின் நீளத்தைப் பார்ப்பதில்லை, 1.2 மில்லிமீட்டர் நீளமும் 0.7 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பல் செங்குத்தாக நின்று வழுக்கிப் போய்விடும். சல்லடையைத் தண்ணீருக்குள் மெல்ல அசைக்க வேண்டும். மேலிருந்து குழாய்நீரைப் பீய்ச்சினால் வேர்கள் ஒடியும்.

சுண்ணாம்புப் பாறையென்றால் அசிட்டிக் அமிலம், 5 முதல் 10 சதவீதம். 5 சதவீதத்துக்கு, 19 லிட்டர் தண்ணீரில் 1 லிட்டர் அடர் அமிலம். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பக்கமே போகக் கூடாது. பாறையோடு சேர்த்துப் பல்லையும் எலும்பையும் தின்றுவிடும். அசிட்டிக் அமிலமும் எலும்பை லேசாக அரிக்கும் என்பதால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் கால்சியம் பாஸ்பேட் சேர்ப்பார்கள். வெளித்தெரிந்த எலும்புக்கு, அது காய்ந்த பின், அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் என்ற பிசினால் மெல்லிய பூச்சு. எடுத்த பல்லும் எலும்பும், அமிலத்தில் இருந்த நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு உலர்த்தினால், உள்ளே தங்கிய கால்சியம் அசிட்டேட் படிகமாக வளர்ந்து மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பல்லைப் பிளக்கும். அலமாரியில் பத்திரமாக வைத்த பல் தூளாகக் கிடக்கும்போதுதான் தெரியவரும்.

மிச்சப் பொடியைக் காயவைத்து, அளவுவாரியாகப் பிரித்து, கோடு போட்ட தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 10 முதல் 20 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியின் கீழ் வரிசை வரிசையாகத் துழாவ வேண்டும். மூட்டைக் கணக்கில் சலித்த படிவுக்கு ஒரு பல் கிடைத்தால் அது மோசமான இடமல்ல. பல்லை இடுக்கியால் எடுக்கக் கூடாது. சற்று அழுத்தினால் தெறித்து எங்கோ போய்விடும். நனைத்த மெல்லிய தூரிகை நுனியில் ஒட்டி எடுப்பார்கள். பிறகு குண்டூசித் தலையில், திரும்பக் கரைக்கக்கூடிய பசையால், வேர்ப்பக்கத்தை ஒட்டி, ஊசியைக் குப்பியின் தக்கையில் குத்திவைப்பார்கள். பசை முகடுகள் மேல் ஏறினால் தேய்மானப் பரப்பு மறைந்துவிடும்.

அமெரிக்காவின் வயோமிங்கில் இந்த வேலையை எறும்புகள் செய்து வைத்திருந்தன. அங்குள்ள ஒரு வகை எறும்பு தன் புற்றின் மேல் சிறு கற்களைக் கொண்டுவந்து பரப்பும். அதில், டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலப் பற்களும் இருக்கும். புதைபடிவச் சேகரிப்பாளர் ஜான் பெல் ஹாட்சர் 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் புற்றுகளைச் சலித்துப் பற்களைச் சேகரித்தார். எறும்பும் சல்லடையும் ஒரே அளவைத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

முழு உடல் கிடைத்தபோது

பற்களை மட்டும் பார்த்திருந்த காலத்தில் எல்லாமே பூச்சி தின்னும் மூஞ்சூறுதான் என்ற எண்ணம் இருந்தது. சீனாவின் மெல்லிய ஏரிப் படிவுகளும் எரிமலைச் சாம்பல் படிவுகளும் அதை உடைத்தன. 2006-இல் விவரிக்கப்பட்ட காஸ்டரோகாடா, 16.4 கோடி ஆண்டு முந்தையது. ரோமத் தடத்தோடும் மீன் தின்னத் தோதான பல்லோடும் துடுப்பு போலத் தட்டையான செதில் வாலோடும் கிடைத்தது. அதே ஆண்டு விவரித்த வோலாட்டிகோதீரியம், கைகால்களுக்கிடையே தோல் விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் பறந்தது. மறுமுனையில் ஹட்ரோகோடியம்: மண்டையோடு 12 மில்லிமீட்டர், மதிப்பிட்ட எடை 2 கிராம்.

ரெபெனோமாமஸ் இவற்றில் தனி ரகம். அதன் பெரிய இனம் 12 முதல் 14 கிலோ. 2005-இல் அறிவித்த சிறிய இனத்தின் வயிற்றுப் பகுதியில் சிட்டகோசாரஸ் என்ற டைனோசரின் குட்டியொன்றின் எலும்புகள் இருந்தன. செத்ததைத் தின்றிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு 2023-இல் இன்னொரு புதைபடிவம் வந்தது: எரிமலைச் சேற்றில் சேர்ந்து புதைந்த இரண்டு விலங்குகள், 47 சென்டிமீட்டர் ரெபெனோமாமஸ் ஒன்று ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் சிட்டகோசாரஸின் மேல் ஏறி, அதன் தாடையைக் கையால் பற்றி, விலா எலும்பில் பல்லைப் பதித்த நிலையில். டைனோசரின் எலும்பில் பிணந்தின்னிகள் கடித்த தடம் எதுவும் இல்லை.

நிறம்கூட இப்போது ஓரளவு தெரிகிறது. ரோமத்துக்குள் நிறமிப் பைகளின் வடிவத்தை இன்றைய பாலூட்டிகளோடு ஒப்பிட்டு, 6 புதைபடிவங்களை 2025-இல் ஆராய்ந்ததில் எல்லாமே ஒரே சீரான அடர்பழுப்பு. வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. இரவில் நடமாடுபவற்றுக்குப் பொருத்தமான நிறம்.

ஒற்றைப் பல் ஏமாற்றும்போது

இந்தியாவிலும் இவை கிடைத்திருக்கின்றன. கோதாவரிப் படுகையின் கோட்டா படிவிலிருந்து ஜுராசிக் கால கோட்டாதீரியத்தை 1981-இல் விவரித்தார்கள். தெலங்கானாவின் நஸ்கலில், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையிலுள்ள படிவில் கிடைத்த டெக்கனோலெஸ்டஸ், இந்தியாவின் முதல் கிரெட்டேசியஸ் பாலூட்டியாக 1988-இல் அறிவிக்கப்பட்டது.

மத்தியப் பிரதேசத்தின் டிகி படிவில் கிடைத்த ஒரு மேல் கடைவாய்ப் பல்லுக்கு 2005-இல் டிகிதீரியம் என்று பெயர் வைத்தார்கள். ட்ரயாசிக் காலத்துக்கு மிகவும் முன்னேறிய பல். வேறெங்கும் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வடிவம் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு அது பாலூட்டி வரலாற்றின் தொடக்கத்தில் இடம்பிடித்திருந்தது. 2024-இல் வந்த மறுஆய்வு, அது மிகப் பிற்காலத்து மூஞ்சூறின் பல் என்றது. நியோஜீன் காலத்தது, அதாவது 2.3 கோடி ஆண்டுக்குள்.

மேல்மண்ணிலுள்ள பல் மழையில் கீழே இறங்கி வெடிப்பில் விழலாம். வேறோர் இடத்தில் பயன்படுத்திய சல்லடையின் மூலையில் ஒட்டியிருக்கலாம். அதனால் ஒரு தளத்தின் படிவைச் சலித்து முடித்ததும் சல்லடையைப் பிரஷ் போட்டுக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண் கண்ணாகப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் பல்லின் வேதியியலைச் சோதிக்கலாம். நெடுங்காலம் புதைந்த பல் நிலத்தடி நீரிலிருந்து அருமண் தனிமங்களை உறிஞ்சியிருக்கும். அவற்றின் விகிதம் அதே அடுக்கிலிருந்து வந்த மீன் பற்களோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத பல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனிக் குப்பியில் வைத்துவிடுவார்கள்.